டெர்மினலில் வருகிற சூழல் மாறி, சர்வீஸாக ஓட்டினால் மட்டும் ஏன் வருவதில்லை?

கேள்வி | வெண்திரை

வணக்கம். உபுண்டு 22.04 சர்வர், பைத்தான் 3.10. போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸிலிருந்து கணக்கெடுத்து அறிக்கை தயாரிக்கும் சின்ன ப்ரோகிராம். பாஸ்வேர்டைக் கோடுக்குள் எழுதக் கூடாது என்பதால் டிபி_பாஸ்வேர்ட் என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் (சூழல் மாறி, அதாவது ப்ரோகிராமுக்கு வெளியிலிருந்து பெயரோடு கொடுக்கும் மதிப்பு) வைத்து, ஓஎஸ்.என்விரான் வழியாக எடுக்கிறேன். ஹோம் டைரக்டரியில் உள்ள, பேஷ் ஷெல் தொடங்கும்போது படிக்கும் .பேஷ்ஆர்சி கோப்பின் கடைசி வரியில் எக்ஸ்போர்ட் செய்திருக்கிறேன்.

டெர்மினலில் நேரடியாக ஓட்டினால் பிரச்சினை இல்லை. சுடோ போட்டு (ரூட் அதிகாரத்தோடு) ஓட்டினால் கீ-எரர், அதாவது அந்த மாறியே இல்லை என்கிறது. பின்னணியில் ஓடும் சிஸ்டம்டி சர்வீஸாக ஓட்டினாலும் கீ-எரர். குறித்த நேரத்தில் ஓட்டும் க்ரானின் பட்டியலான க்ரான்டேபில் போட்டாலும் அதே.

அடுத்து /எட்சி/என்விரான்மென்ட் கோப்பில் அந்த வரியைச் சேர்த்து, லாக் அவுட் செய்துவிட்டு மறுபடி நுழைந்தேன். க்ரானில் கீ-எரர் போய்விட்டது. ஆனால் போஸ்ட்கிரஸ் பாஸ்வேர்ட் தவறு என்கிறது. சர்வீஸில் இன்னமும் கீ-எரர்தான், ரீஸ்டார்ட் செய்தும் பார்த்தாயிற்று. கோடின் முதல் வரியில் ஓஎஸ்.சிஸ்டம் மூலம் எக்ஸ்போர்ட் கட்டளை கொடுத்ததும் எடுபடவில்லை.

பாஸ்வேர்டில் $, #, % மூன்றும் உண்டு. அதனாலா? ஒரே மெஷின், ஒரே யூசர், ஒரே வேரியபிள், இடத்துக்கு ஒரு மாதிரி நடக்கிறது. எங்கே எழுதி வைத்தால் எல்லாவற்றுக்கும் கிடைக்கும்?

பதில் 1 | முனையம்

எல்லாவற்றுக்கும் கிடைக்கிற மாதிரி ஓர் இடம் லினக்ஸில் கிடையாது. சிஸ்டம் முழுவதற்கும் பொதுவான சூழல் என்று ஒன்று இல்லவே இல்லை. ஒவ்வொரு ப்ராசஸும் (ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோகிராம்) தனக்கென ஒரு பட்டியலைச் சுமந்துகொண்டு திரிகிறது. 1979-இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலிருந்தே இப்படித்தான். ஒரு ப்ரோகிராமைத் தொடங்கும் எக்ஸெக்விஇ சிஸ்டம் கால் மூன்று விஷயங்களைக் கேட்கும்: எந்தக் கோப்பு, என்னென்ன ஆர்குமென்ட், என்ன சூழல். அந்த மூன்றாவதைத் தருவது தாய் ப்ராசஸ். ஊருக்குப் போகிறவனுக்குக் கட்டிக் கொடுக்கும் கட்டுச்சோறு மாதிரி: புறப்படும்போது மூட்டையில் என்ன இருந்ததோ அதுதான், பிறகு வீட்டில் என்ன சமைத்தாலும் அவனுக்குப் போய்ச் சேராது. மகன் தன் மூட்டையில் எதை மாற்றினாலும் வீட்டில் ஒன்றும் மாறாது.

உங்கள் ஓஎஸ்.சிஸ்டம் எக்ஸ்போர்ட் எடுபடாததற்கும் அதுவே காரணம். அந்தக் கட்டளை புதிதாக ஒரு ஷெல்லைத் தொடங்கி, அதற்குள் மாறியை வைத்து, அந்த ஷெல்லோடேயே செத்துப்போகிறது. பைத்தான் அதற்குத் தாய். மேலே எதுவும் ஏறி வராது.

ஆகவே ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டியது, "இந்த ப்ராசஸுக்குத் தாய் யார், அவருக்கு அந்த மதிப்பு எங்கிருந்து வந்திருக்கும்?" என்பதுதான். டெர்மினலில் தாய் உங்கள் பேஷ். சர்வீஸில் தாய் 1-ஆம் எண் ப்ராசஸான சிஸ்டம்டி. அது பேஷும் இல்லை, .பேஷ்ஆர்சியைத் திறந்து பார்ப்பதும் இல்லை. இன்னொன்று: உபுண்டு தரும் .பேஷ்ஆர்சியின் தலைப்பகுதியிலேயே, ஷெல் இன்டராக்டிவாக இல்லையென்றால் அங்கேயே திரும்பிவிடச் சொல்லும் ஒரு கேஸ் வரி இருக்கிறது. நீங்கள் எழுதியிருப்பது கடைசி வரி. அதனால் ஸ்கிரிப்டிலிருந்து அந்தக் கோப்பை வலிந்து சோர்ஸ் செய்தாலும் உங்கள் எக்ஸ்போர்ட் வரை கட்டுப்பாடு போய்ச் சேராது.

/எட்சி/என்விரான்மென்ட் கோப்பைப் படிப்பது சிஸ்டம்டி அல்ல, பாம்_என்வ் என்ற பாம் மாட்யூல். பாம் என்பது லாகினைச் சரிபார்த்து உள்ளே விடும் அமைப்பு, அதன் வழியாகத் தொடங்குபவற்றுக்கு மட்டும் அது வரும். சர்வீஸ்கள் வழக்கமாக அந்த வழியில் வருவதில்லை. க்ரானில் கீ-எரர் போனதற்கு விளக்கம்: டெபியன், உபுண்டு இரண்டிலும் க்ரான் ஒவ்வொரு வேலையையும் பாம் வழியாகவே தொடங்குகிறது, /எட்சி/பாம்.டி/க்ரான் கோப்பில் பாம்_என்வ் வரி இருக்கிறது. திறந்து பாருங்கள்.

ஒரு சர்வீஸுக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது என்று ஊகிக்காமல் பார்க்க வழி உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸ் என்றால் சுடோவோடு /ப்ராக்/எண்/என்விரான் கோப்பைப் படியுங்கள். மதிப்புகளுக்கு நடுவே புதுவரி இருக்காது, பூஜ்ய பைட் இருக்கும். டிஆர் கட்டளையால் அதைப் புதுவரியாக மாற்றினால் கண்ணுக்குத் தெரியும். அது காட்டுவது தொடக்கத்தில் கிடைத்த பட்டியல் என்பதை மறக்க வேண்டாம். ப்ரோகிராம் பிறகு தானே சேர்த்துக்கொண்டது அதில் பொதுவாகத் தெரியாது. உங்களுடையது தொடங்கியதுமே கீ-எரரில் விழுந்துவிடுவதால் படிக்க ப்ராசஸே இருக்காது. அதற்கு சிஸ்டம்டி-ரன் கட்டளையை --பைப் --வெயிட் என்ற இரண்டு ஆப்ஷனோடு /யுஎஸ்ஆர்/பின்/என்வ் ப்ரோகிராமுக்குக் கொடுங்கள். சிஸ்டம்டி தன் கையால் தொடங்குகிற ப்ராசஸுக்கு என்ன தருகிறது என்று அச்சாகும். பாத், லாங், இன்வொகேஷன்_ஐடி போல ஒரு கைப்பிடிதான் வரும்.

சரிசெய்ய: /எட்சி/அறிக்கை/ரகசியம்.என்வ் என்று ஒரு கோப்பு. உடைமை ரூட், அனுமதி 600. உள்ளே ஒரே வரி: மாறியின் பெயர், சமக்குறி, ஒற்றை மேற்கோளுக்குள் பாஸ்வேர்ட். சமக்குறிக்கு இருபுறமும் இடைவெளி வேண்டாம். பிறகு சிஸ்டம்சிடிஎல் எடிட் என்று சர்வீஸ் பெயரோடு கொடுத்து, சர்வீஸ் பிரிவின் கீழ் என்விரான்மென்ட்ஃபைல்= என்று அந்தப் பாதையை எழுதுங்கள். சேமித்து வெளியேறினால் டீமன்-ரீலோட் (சிஸ்டம்டி யூனிட் கோப்புகளை மறுபடி படிப்பது) தானாக நடக்கும். சர்வீஸை விவரிக்கும் யூனிட் கோப்பை நேரடியாக எடிட்டரில் திறந்து திருத்துகிறவர்கள்தான் அதைக் கையால் கொடுக்க வேண்டும். அப்புறம் ரீஸ்டார்ட். சர்வீஸ் வேறு யூசராக ஓடினாலும் கோப்பு ரூட்டிடம் இருக்கலாம், ஏனென்றால் அதைப் படிப்பது சிஸ்டம்டி; படித்த பிறகே யூசரை மாற்றுகிறது.

பாதைக்கு முன்னால் ஒரு மைனஸ் போடுகிற பழக்கத்தைச் சில இடங்களில் பார்க்கலாம். கோப்பு இல்லாவிட்டாலும் சத்தமில்லாமல் தொடங்கு என்று அர்த்தம். பாஸ்வேர்ட் கோப்புக்கு அதைப் போடாதீர்கள், கோப்பு காணோம் என்றால் சர்வீஸ் அங்கேயே விழட்டும்.

முக்கியமான ஒன்று, அந்தக் கோப்பில் எக்ஸ்போர்ட் என்ற சொல் கூடாது. அது ஷெல் ஸ்கிரிப்ட் இல்லை. போட்டால் சிஸ்டம்டி அந்த வரியைச் செல்லாது என்று ஒதுக்கிவிடும். ஒதுக்குவதோடு விடாமல் அந்த முழு வரியையும், பாஸ்வேர்ட் உட்பட, ஜர்னல் என்ற தன் லாகில் எழுதி வைக்கும்.

பதில் 2 | நள்ளிரவு_க்ரான்

சர்வீஸ் பற்றி மேலே சொல்லியாயிற்று. க்ரானில் பாஸ்வேர்ட் தவறு என்று வருவதற்குக் காரணம் உங்கள் # குறி.

/எட்சி/என்விரான்மென்ட் கோப்பைப் படிக்கும்போது பாம்_என்வ் # வந்த இடத்தில் வரியை வெட்டிவிடும், அதற்குப் பிறகு இருப்பதெல்லாம் குறிப்பு என்று எடுத்துக்கொள்ளும். # மதிப்பின் நடுவில் இருந்தாலும் அப்படித்தான். போஸ்ட்கிரஸுக்குப் போனது பாதி பாஸ்வேர்ட். மதிப்பை அச்சிடாமல் நீளத்தை மட்டும் லாகில் எழுதிப் பாருங்கள், 16 எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் 9 வந்தால் கதை முடிந்தது. ரகசியத்துக்கு அந்தக் கோப்பு எப்படியும் ஏற்ற இடமில்லை, அதை எல்லா யூசரும் படிக்க முடியும். அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

க்ரான் தானாகத் தருவது மிகக் குறைவு: ஹோம், லாக்நேம், ஷெல், பாத். ஷெல் என்பது /பின்/எஸ்ஹெச்; உபுண்டுவில் அது டாஷ், பேஷ் இல்லை. சோர்ஸ் என்ற கட்டளையே அதற்குத் தெரியாது, ஒற்றைப் புள்ளிதான் போட வேண்டும். பாத்தும் சுருக்கமானது, /யுஎஸ்ஆர்/லோக்கல்/பின் இருக்கும் என்று நம்ப வேண்டாம். பைத்தானுக்கு முழுப் பாதை எழுதுங்கள். வர்ச்சுவல்என்வ் என்றால் அதற்குள் இருக்கும் பைத்தானின் முழுப் பாதை.

க்ரான்டேபுக்குள்ளேயே மாறியை ஒரு வரியாக எழுதலாம், ஆனால் அங்கே $ போட்டு இன்னொரு மாறியை இழுக்க முடியாது, எழுதியது எழுதியபடியே போகும். கட்டளை வரியில் % வந்தால் க்ரான் அதைப் புதுவரியாக எடுத்துக்கொண்டு, முதல் %-க்குப் பின்னால் இருப்பதைக் கட்டளைக்கு இன்புட்டாக அனுப்பிவிடும். பாஸ்வேர்டைக் கட்டளையோடு சேர்த்து எழுதினால் இதில் மாட்டுவீர்கள். மேலும் க்ரான் ஓட்டும் ஒவ்வொரு கட்டளையும் சிஸ்லாகில் பதிவாகும்.

செய்ய வேண்டியது: ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட். முதலில் செட் -ஏ. அடுத்த வரியில் புள்ளி, இடைவெளி, ரகசியக் கோப்பின் பாதை. பிறகு செட் +ஏ. கடைசியில் எக்ஸெக் என்று போட்டு பைத்தான் கட்டளை. செட் -ஏ இருக்கும்வரை வைக்கிற எல்லா மாறியும் தானாக எக்ஸ்போர்ட் ஆகும். அதனால் கோப்பில் எக்ஸ்போர்ட் எழுதத் தேவையில்லை, சிஸ்டம்டியும் சண்டை போடாது. முனையம் ஒற்றை மேற்கோள் போடச் சொன்னது இதற்கும் பொருந்தும், ஒற்றை மேற்கோளுக்குள் $-ஐ ஷெல் தொடாது, சிஸ்டம்டியும் தொடாது. பாஸ்வேர்டிலேயே ஒற்றை மேற்கோள் இருந்தால் மல்லுக்கட்டாமல் பாஸ்வேர்டை மாற்றுங்கள். க்ரான் வேலை உங்கள் யூசராக ஓடுவதால், கோப்பை அந்த யூசரின் குரூப்புக்குக் கொடுத்து 640 என்று வைக்க வேண்டியிருக்கும்.

சுடோ தனிக் கதை. என்வ்_ரீசெட் என்பது அதன் வழக்கமான அமைப்பு, நீங்கள் வைத்திருந்ததையெல்லாம் உதறிவிட்டுப் புதுப்பட்டியலோடு தொடங்கும். குறிப்பிட்ட ஒன்றை மட்டும் கடத்த --ப்ரிசர்வ்-என்வ்= என்று மாறியின் பெயரைக் கொடுங்கள். சுடோவுக்கு அடுத்து பெயரும் மதிப்பும் சமக்குறியோடு எழுதுகிற முறையும் உண்டு, வேண்டாம். ஆர்குமென்ட்கள் பிஎஸ் கட்டளையில் எல்லோருக்கும் தெரியும், சுடோவின் லாகிலும் ஏறும்.

பதில் 3 | சரம்_மட்டுமே

ப்ரோகிராம் பக்கத்தையும் பார்த்துவிடுவோம். வெளியே எல்லாம் சரியாக இருந்தும் உள்ளே படிக்கும்போது தவறுவதுதான் அதிகம்.

சூழல் மாறியில் எண் கிடையாது, ஆம்-இல்லை கிடையாது, எல்லாமே சரம் (ஸ்ட்ரிங்). டீபக் என்ற மாறியில் ஃபால்ஸ் என்று எழுதி அதைப் பைத்தானில் பூல் செய்தால் ட்ரூ வரும். காலியில்லாத எந்தச் சரமும் ட்ரூதான், "0" உட்பட. ஜாவாஸ்கிரிப்டிலும் இதே. நோடில் இன்னொரு விசித்திரம்: ப்ராசஸ்.என்வ் மாறி ஒன்றை அன்டிஃபைன்ட் ஆக்கினால் அது அழியாது, அன்டிஃபைன்ட் என்ற ஒன்பதெழுத்து ஆங்கிலச் சரமாக மாறி உட்கார்ந்திருக்கும். அழிக்க டெலீட் போட வேண்டும்.

மாறி இல்லை என்பதும், இருக்கிறது ஆனால் காலி என்பதும் வேறு வேறு. பைத்தானில் ஓஎஸ்.என்விரான்.கெட் செய்யும்போது கொடுக்கும் மாற்று மதிப்பு, மாறியே இல்லாதபோதுதான் வரும். காலியாக இருந்தால் காலிச் சரமே வரும். போர்ட் எண்ணுக்கு 5432 என்று மாற்று வைத்திருந்தாலும், காலிச் சரத்தை இன்ட் செய்யப்போய் வேல்யூ-எரரில் விழுவீர்கள். கோ மொழியில் ஓஎஸ்.கெட்என்வ் இரண்டு நிலைக்கும் காலிச் சரத்தையே தரும். வித்தியாசம் வேண்டுமென்றால் லுக்அப்என்வ். சி மொழியில் கெட்என்வ் இல்லாத மாறிக்கு நல் பாயின்டரைத் தரும், அதைச் சோதிக்காமல் எஸ்டிஆர்சிஎம்பி-க்குக் கொடுத்தால் செக்மென்டேஷன் ஃபால்ட். அது தரும் பாயின்டரில் எதையும் எழுதவும் கூடாது. ஜாவாவில் சிஸ்டம்.கெட்என்வ் வேறு, சிஸ்டம்.கெட்ப்ராப்பர்டி வேறு, மைனஸ் டி போட்டுக் கொடுத்தது இரண்டாவதில்தான் வரும்.

விண்டோஸ் எடிட்டரில் எழுதிய .என்வ் கோப்பை லினக்ஸுக்குக் கொண்டுவந்து ஷெல்லில் சோர்ஸ் செய்தால் ஒவ்வொரு மதிப்பின் வாலிலும் ஒரு கேரேஜ் ரிட்டர்ன் ஒட்டிக்கொள்ளும். இதில் வேடிக்கை என்னவென்றால், பைத்தானின் இன்ட் ஃபங்ஷன் ஓரத்து வெற்றிடத்தைத் தானே உதறிவிடும், அதனால் போர்ட் எண் ஒழுங்காக வேலை செய்யும். ஹோஸ்ட் பெயர் மட்டும் கிடைக்கவில்லை என்று எரர் வரும். அந்தப் பெயரைச் சாதாரணமாக அச்சிட்டால் கண்ணுக்கு ஒரு குறையும் தெரியாது. ரெப்ர் ஃபங்ஷனில் போட்டு அச்சிடுங்கள், வாலில் பின்சாய்வோடு கேரேஜ் ரிட்டர்ன் தெரியும். கோப்பையே பார்க்க கேட் கட்டளையை மைனஸ் பெரிய ஏ ஆப்ஷனோடு ஓட்டினால் வரிமுடிவில் $-க்கு முன்னால் ^-ம் ஒரு எழுத்தும் நிற்கும்.

பைத்தானுக்கே உரிய ஒன்று: ஓஎஸ்.என்விரான் என்பது ஓஎஸ் மாட்யூல் முதலில் இம்போர்ட் ஆனபோது எடுத்த நகல். ஒரு சி லைப்ரரி பின்னால் செட்என்வ் செய்தால் அதில் தெரியாது. 3.14 பதிப்பில் ரீலோட்_என்விரான் என்ற ஃபங்ஷன் இதற்காகவே வந்திருக்கிறது. எதிர்த்திசையில், ஓஎஸ்.என்விரானில் நீங்கள் வைப்பது சேய் ப்ராசஸ்களுக்குப் போகும், ஆனால் ஓஎஸ்.புட்என்வ்-ஐ நேரடியாக அழைத்தால் நகல் மாறாது. அதைத் தொடாதீர்கள்.

சப்ப்ராசஸில் என்வ்= என்று ஒரு டிக்ஷ்னரி கொடுத்தால் அது பழைய சூழலோடு சேராது, முழுவதையும் மாற்றிவிடும். ஒரே ஒரு மாறியைச் சேர்க்க நினைத்து பாத், ஹோம் எல்லாவற்றையும் இழந்து நிற்பீர்கள். ஓஎஸ்.என்விரானை நகலெடுத்து, அதில் சேர்த்துக் கொடுங்கள்.

பல த்ரெட் ஓடும்போது மாறிகளை மாற்றுவதை அறவே தவிருங்கள். ஒரு த்ரெட் கெட்என்வ் செய்யும்போது இன்னொன்று செட்என்வ் செய்தால் சி லைப்ரரி மட்டத்திலேயே கிராஷ் ஆகலாம். ரஸ்ட் மொழியின் 2024 எடிஷனில் செட்_வேர் ஃபங்ஷனை அன்சேஃப் என்று குறித்தே விட்டார்கள், காரணம் இதுதான்.

என் முறை: ப்ரோகிராமில் ஒரே ஓர் இடத்தில், தொடக்கத்திலேயே, வேண்டிய மாறிகள் எல்லாவற்றையும் படித்து, இன்ட், பூல் என்று மாற்றி ஒரு கான்ஃபிக் ஆப்ஜெக்டில் வைத்துவிடுவது. இல்லாதவை எவை என்று எல்லாப் பெயரையும் ஒரே எரரில் சொல்லி நிறுத்துங்கள். ஒன்றைச் சரிசெய்தால் அடுத்தது என்று ஐந்து முறை ரீஸ்டார்ட் செய்வது கொடுமை.

இடையில் ஒரு கேள்வி | ஜன்னலோரம்

விண்டோஸில் எனக்கும் இதே குழப்பம். செட்எக்ஸ் கொடுத்தால் வெற்றி என்று வருகிறது, அதே விண்டோவில் எக்கோ செய்தால் ஒன்றும் இல்லை. விஎஸ் கோடிலும் வரவில்லை.

பதில் 4 | கட்டளை_வரி

அங்கேயும் தாய்-சேய் கணக்கேதான். செட்எக்ஸ் எழுதுவது ரெஜிஸ்ட்ரியில். யூசர் மாறி என்றால் ஹெச்கேசியூ-வின் கீழே என்விரான்மென்ட், சிஸ்டம் மாறி என்றால் ஹெச்கேஎல்எம்-இல் செஷன் மேனேஜரின் கீழே. திறந்திருக்கும் சிஎம்டி அதைத் திரும்பிப் பார்க்காது. எழுதிய பிறகு ஒரு செய்தி எல்லா விண்டோக்களுக்கும் பரப்பப்படும். எக்ஸ்ப்ளோரர் அதைக் கேட்டுப் புதுப்பித்துக்கொள்ளும், அதனால் ஸ்டார்ட் மெனுவிலிருந்து புதிதாகத் திறப்பவற்றுக்குக் கிடைக்கும். விஎஸ் கோடுக்குள் இருக்கும் டெர்மினலை மட்டும் மூடித் திறப்பதை நம்பாதீர்கள், அதன் தாய் விஎஸ் கோடே. எல்லா விண்டோக்களையும் மூடிவிட்டுத் திறக்க வேண்டும்.

விண்டோஸ் சர்வீஸுக்கு இதுவும் போதாது. சர்வீஸ்களின் தாய் பூட் ஆகும்போது தொடங்கியது, அதனிடம் பழைய பட்டியல்தான் இருக்கும். சிஸ்டம் மாறியை மாற்றினால் மெஷினை ரீபூட் செய்துவிடுங்கள். ஒரு சர்வீஸுக்கு மட்டும் வேண்டுமென்றால் ரெஜிஸ்ட்ரியில் அந்த சர்வீஸின் கீயின் கீழே என்விரான்மென்ட் என்ற பெயரில் மல்டி-ஸ்ட்ரிங் மதிப்பு ஒன்றைச் சேர்க்கலாம், வரிக்கு ஒரு மாறி. அதற்கு சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் போதும்.

பாத் மாறியில் செட்எக்ஸ் வேண்டவே வேண்டாம். அது 1024 எழுத்துக்கு மேல் உள்ளதை வெட்டிவிடும். %பாத்% என்று எழுதி வாலில் ஒன்றைச் சேர்க்கச் சொல்லும் குறிப்புகளை நம்பி ஓட்டினால், சிஸ்டம் பாத்தும் யூசர் பாத்தும் சேர்ந்து ஒன்றாகி, 1024-இல் வெட்டுப்பட்டு, யூசர் பாத்தில் போய் உட்காரும். செட்டிங்ஸில் உள்ள பட்டியல் எடிட்டரில் சேருங்கள்.

சிஎம்டியின் செட் கட்டளைக்கு வெற்றிடமும் மதிப்புதான். சமக்குறிக்கு முன் இடைவெளி விட்டால் மாறியின் பெயரே இடைவெளியோடு முடியும், நீங்கள் தேடும் பெயரில் ஒன்றும் இருக்காது. ஒரே வரியில் && போட்டு அடுத்த கட்டளை எழுதினால், &&-க்கு முன்னுள்ள இடைவெளி மதிப்பின் வாலில் சேரும். மதிப்புக்கு மட்டும் மேற்கோள் போட்டால் மேற்கோளும் மதிப்பின் பகுதி. பெயர், சமக்குறி, மதிப்பு மூன்றையும் சேர்த்து ஒரே இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள்.

விண்டோஸில் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் கிடையாது, லினக்ஸில் உண்டு. விண்டோஸில் எழுதி லினக்ஸில் ஏற்றிய ப்ரோகிராம் மாறி கிடைக்கவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

பதில் 5 | பூட்டு

எல்லோரும் பாஸ்வேர்டை எப்படிச் சூழலுக்குள் கொண்டுபோவது என்றே பேசுகிறோம். கொண்டுபோக வேண்டுமா என்பதை யாரும் கேட்கவில்லை.

சூழல் மாறியை அதே யூசரின் வேறு எந்த ப்ராசஸும் /ப்ராக் வழியாகப் படிக்கலாம். நீங்கள் தொடங்கும் ஒவ்வொரு சேய் ப்ராசஸுக்கும் அது தானாகப் போகும், ஒரு படத்தைச் சுருக்க அழைத்த கருவிக்குக்கூட. எரர் வந்ததும் சூழல் முழுவதையும் ரிப்போர்ட்டில் கொட்டும் லைப்ரரிகள் உண்டு. பிஹெச்பி-இன்ஃபோ பக்கம் அப்படியே அச்சிடும். ப்ரோகிராம்களைத் தனித்தனிக் கன்டெய்னரில் ஓட்டும் டாக்கரில் இன்ஸ்பெக்ட் கொடுத்தால் எல்லாம் தெரியும். டாக்கர்ஃபைலில் என்வ் அல்லது ஆர்க் என்று எழுதிய ரகசியம் இமேஜின் ஹிஸ்டரியில் நிலைத்துவிடும். யூனிட் கோப்புக்குள்ளேயே என்விரான்மென்ட்= என்று எழுதினால் ரூட் இல்லாத யூசரும் சிஸ்டம்சிடிஎல் ஷோவில் படிக்கலாம். (அங்கே எழுதுகிறவர்கள் %-ஐ %% என்று இரட்டிக்கவும் வேண்டும்.)

வெண்திரை, உங்கள் போஸ்ட்கிரஸ் அதே மெஷினில்தான் ஓடுகிறது என்றால் பாஸ்வேர்டே வேண்டாம். உபுண்டுவில், யாரை எப்படி உள்ளே விடுவது என்று போஸ்ட்கிரஸுக்குச் சொல்லும் பிஜி_ஹெச்பிஏ கோப்பின் லோக்கல் வரி வழக்கமாக பியர் முறையில் இருக்கும். லினக்ஸ் யூசர் பெயரும் டேட்டாபேஸ் ரோல் பெயரும் ஒன்றாக இருந்தால் சாக்கெட் வழியாக நேரே உள்ளே விடும். கனெக்‌ஷனில் ஹோஸ்ட் என்று எதையும் கொடுக்காதீர்கள். லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதினால் டிசிபி வழியில் போய் மறுபடி பாஸ்வேர்ட் கேட்கும்.

வேறு மெஷினில் இருந்தால் சிஸ்டம்டியின் லோட்க்ரெடென்ஷியல்= பாருங்கள். 247-ஆம் பதிப்பில் வந்தது, உபுண்டு 22.04-இல் 249 இருக்கிறது. கோப்பை சர்வீஸுக்கு மட்டும் தெரியும் ஒரு டைரக்டரியில் வைத்து, அந்த டைரக்டரியின் பாதையை க்ரெடென்ஷியல்ஸ்_டைரக்டரி என்ற மாறியில் தரும். மாறியில் இருப்பது பாதைதான், ரகசியம் கோப்புக்குள்.

பதில் 6 | முனையம்

பூட்டு சொல்வதில் பியர் முறை மறுபேச்சில்லாமல் சரி, முதலில் அதைச் செய்யுங்கள். ஆனால் ஒரே யூசர், ஒரே ப்ரோகிராம் ஓடும் சர்வரில் 600 அனுமதியுள்ள என்விரான்மென்ட்ஃபைலைக் குற்றமாகப் பேச வேண்டியதில்லை. அந்த யூசரைப் பிடித்தவனுக்கு க்ரெடென்ஷியல் கோப்பையும் படிக்க வழி கிடைத்துவிடும். சேய் ப்ராசஸ் கவலை நியாயமானது, படித்ததும் ஓஎஸ்.என்விரானிலிருந்து பாப் செய்துவிட்டால் சேய்களுக்குப் போகாது.

டாக்கர் பேச்சு வந்ததால் ஓர் எச்சரிக்கை. நாம் ஒற்றை மேற்கோள் போட்டு எழுதிய அதே கோப்பை டாக்கர் ரன்னில் --என்வ்-ஃபைல் என்று கொடுத்தால் மேற்கோளையும் மதிப்பாகவே எடுத்துக்கொள்ளும், பாஸ்வேர்ட் இரண்டெழுத்து நீண்டுவிடும். டாக்கரின் துணைக் கருவியான காம்போஸ் மேற்கோளை உரித்துவிடும். காம்போஸின் யாமல் கோப்பிலேயே மதிப்பை எழுதினால் $-ஐ $$ என்று இரட்டிக்க வேண்டும்.

வெண்திரை

டேட்டாபேஸ் வேறு மெஷினில் இருக்கிறது, அதனால் என்விரான்மென்ட்ஃபைல் வைத்தேன், சர்வீஸ் ஓடுகிறது. செட் -ஏ ஸ்கிரிப்டில் க்ரானும் சரியாகிவிட்டது. நீளத்தை அச்சிட்டுப் பார்த்ததில் #-க்கு முன்பு இருந்ததுதான் வந்திருந்தது. ஒரே ஒரு சந்தேகம்: பாஸ்வேர்டை மாற்றும்போது கோப்பைத் திருத்தினால் போதுமா, டீமன்-ரீலோட் வேண்டுமா?

முனையம்

டீமன்-ரீலோட் யூனிட் கோப்பு மாறினால்தான். என்விரான்மென்ட்ஃபைலின் உள்ளடக்கத்தை சிஸ்டம்டி ஒவ்வொரு முறை ப்ராசஸைத் தொடங்கும்போதும் படிக்கிறது, அதனால் ரீஸ்டார்ட் போதும். ரீலோட் வேண்டாம், அது ஓடுகிற ப்ராசஸுக்குத் தகவல் சொல்லுமே தவிர புதுச் சூழலைத் தராது. க்ரான் பக்கம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, அடுத்த ஓட்டத்தில் ஸ்கிரிப்ட் தானே புதுக் கோப்பைப் படிக்கும். ரீஸ்டார்ட்டே இல்லாமல் மாற்ற வேண்டுமென்றால் சூழல் மாறியை விட்டுவிட்டு, ப்ரோகிராமே கோப்பைப் படிக்கும்படி எழுதி, சிக்ஹப் சிக்னல் வந்ததும் மறுபடி படிக்க வையுங்கள். அப்போது கோப்பைப் படிக்கும் அனுமதி சர்வீஸ் யூசருக்கு இருக்க வேண்டும், ரூட்டுக்கு மட்டும் 600 என்று வைத்தது அங்கே உதவாது.